ஏழாம் எண் பிரஸ் தன் வரலாறு கூறுதல்

நீங்கள் பட்டறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். சிலர் அவசரமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். நீங்கள் தாண்டிப் போனபிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கேட்கும். பாதுகாப்பு அதிகாரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தொழிலாளிக்கு நீங்கள் நிர்வாகத்தின் ஆள். நிர்வாகத்துக்கு நீங்கள் உற்பத்தியைக் கெடுக்க வந்த ஆள். சாப்பாட்டுக் கூடத்தில் உங்கள் பக்கத்து நாற்காலிகள் கடைசியில்தான் நிரம்பும். பழகிக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தனிமை நம்மை என்ன செய்கிறது என்பதைக் கவனிக்க ஒரு வழி வேண்டும். நான் கண்ட வழி, தினமும் ஒரு பக்கம் எழுதுவது.

சட்டங்களையும் விதிகளையும் பயிற்சியில் படித்திருப்பீர்கள். அவற்றை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒரு பக்கம் எழுதியதால் எனக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

புனேவை அடுத்த தளேகாவில், வண்டிகளுக்கான உலோகத் தகடுகளை அடித்துக் கொடுக்கும் ஆலை ஒன்றில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். மனைவி திண்டுக்கல்லில் தமிழாசிரியை. அவளால் வேலையை விட்டு வர முடியாது, என்னாலும் போக முடியாது. மகள் அவளோடு இருந்தாள். புனேவில் கட்கி கடைத்தெருவில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு, காலையில் லோனாவளா போகும் லோக்கல் ரயிலில் தளேகாவ் போய், மாலையில் திரும்பினேன். வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில், எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசுவேன்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள், "ஏழு நாள்ல உங்களுக்கு ஒண்ணுமே நடக்கலையாங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். அந்த வாரத்தில் முந்நூறு பேருக்கு நடுவே நடந்திருக்கிறேன். ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

"தினம் ஒரு பக்கம் எழுதி வைங்க. அதைப் பாத்துப் பேசுங்க" என்றாள்.

எழுதினேன். ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். கட்கியிலிருந்து தளேகாவ் போவதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும். ஒரு மாதம் கழித்து போனில் அவளுக்கு நாலைந்து பக்கங்களைப் படித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இதுல எல்லாரும் தப்பு பண்றாங்க. நீங்க ஒருத்தர்தான் சரியா இருக்கீங்க" என்றாள். பிறகு சிரித்தாள். "எங்க ஏழாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு 'குடை தன் வரலாறு கூறுதல்'னு கட்டுரை குடுப்போம்ல, அப்படி எழுதிப் பாருங்களேன். கொஞ்ச நாளைக்கு உங்களை விட்டுட்டு எழுதுங்க."

நாற்பதைத் தாண்டியவன், சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பவன், ரயிலில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கட்டுரை எழுத ஆரம்பித்தேன். தலைக்கவசம் தன் வரலாறு கூறியது. கேன்டீன் டீ டிரம் கூறியது. பக்கத்தில் உட்காருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். "கௌன்சி பாஷா?" என்று ஒருவர் கேட்டார். தமிழ் என்றேன். தலையாட்டிவிட்டுத் தம் செய்தித்தாளுக்குத் திரும்பினார். அத்தனை பேருக்கு நடுவில் நோட்டைத் திறந்து வைத்திருந்தாலும் அதைப் படிக்க யாருமில்லை. அது ஒரு விதத்தில் வசதியாக இருந்தது. இன்னொரு விதத்தில் எப்படி இருந்தது என்று உங்களுக்கே புரியும்.

விளையாட்டாக ஆரம்பித்தது வேலைக்கும் உதவியது. ஒருநாள் பராமரிப்புப் பிரிவின் ஏணி பேசுவதாக எழுதிக்கொண்டிருந்தேன். 'என் இடது காலில் செருப்பு இல்லை' என்று கை தானாக எழுதியது. அன்றைக்கே போய்ப் பார்த்தேன். இடது பக்கத்து ரப்பர் அடி தேய்ந்து கழன்று போயிருந்தது. மாதக்கணக்காக அந்த ஏணியைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். கண் பார்த்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. அதிலிருந்து அந்தப் பக்கத்தை மரியாதையோடு எழுதத் தொடங்கினேன்.

இனி சொல்லப்போவது ஐந்தாறு வருடம் கழித்து நடந்தது.

தகடு அடிக்கும் இயந்திரமான ஏழாம் எண் பிரஸ்ஸில் வேலை செய்தவர் செல்வம். அதே ரயில் பாதையில் தளேகாவுக்கு முன்னால் வரும் தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா அங்கே ராணுவக் கிடங்கில் வேலை பார்த்தவர். வீட்டில் பேசும் தமிழில் பாதி இந்தியும் மராத்தியும் கலந்திருக்கும். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆலை முழுக்க என்னோடு தமிழில் இரண்டு வார்த்தை பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அதுவும் "வணக்கம் சாஹேப்", "மழை ஜோரா வருது சாஹேப்" என்ற அளவில்.

அந்த பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு கம்பிக் கதவு உண்டு. கதவு மூடினால்தான் இயந்திரம் இறங்க வேண்டும். மூடியிருக்கிறதா என்று சொல்ல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அந்த சுவிட்ச் கெட்டுப்போய், யாரோ அதை ஒரு கம்பியால் அழுத்திக் கட்டிவைத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே இயந்திரம் நினைத்துக்கொள்ளும். ஒரு மழை நாள் பிற்பகலில், உள்ளே சிக்கிய தகட்டை எடுக்கச் செல்வம் கையை விட்டார். இயந்திரத்தை இறக்கும் பெடலில் கால் பட்டது. வலது கையில் மூன்று விரல்கள் போயின.

விசாரணை என் பொறுப்பு. செல்வமேதான் வேகத்துக்காகக் கம்பி கட்டினார் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தார். நான் மருத்துவமனைக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார்.

"கம்பி கட்டினது யாரு செல்வம்?"

"மாலூம் இல்ல சாஹேப். தெரியாது."

"எத்தனை நாளா இருந்துச்சு?"

அவர் என்னையே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். குற்றம் செய்தவன் முகத்தைத் திருப்புகிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அலுவலகத்துக்கு வந்து, 'பாதுகாப்புச் சாதனம் தொழிலாளியாலேயே செயலிழக்கச் செய்யப்பட்டதாகத் தெரியவருகிறது' என்ற பொருளில் அறிக்கையைத் தயார் செய்தேன். நம் அறிக்கைகளில் எல்லாம் 'செய்யப்பட்டது', 'கவனிக்கப்படவில்லை' என்றுதான் இருக்கும். யார் கவனிக்கவில்லை என்று அந்த வாக்கியம் கேட்காது. தெரியவருகிறது என்றால் யாருக்குத் தெரியவருகிறது? அதையும் கேட்காது.

ஆலை மேலாளர் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். சனிக்கிழமை கையெழுத்து. அடுத்த வாரம் செல்வத்தை வேலையிலிருந்து நீக்குவதற்கான விசாரணை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் நோட்டை எடுத்தேன். ஜன்னலை இறக்கிவிட்டிருந்தார்கள். வெளியே மழை. வேறு எதுவும் தோன்றாததால் 'ஏழாம் எண் பிரஸ் தன் வரலாறு கூறுதல்' என்று தலைப்பிட்டேன். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் நடுவில் சில வரிகள் இப்படி:

'என் கதவுக்கு ஒரு கண் இருந்தது. அது கெட்டுப்போனதும் ஒருவன் வந்து கம்பியால் கட்டினான். குனிந்திருந்ததால் அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் வந்தார். கையில் ஒரு ஃபைல் இருந்தது. என் முன்னால் நின்றார். கம்பியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திங்கட்கிழமைக்குள் சரி பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.'

எழுதி முடித்துவிட்டு, யார் இந்த வெள்ளைத் தொப்பி என்று யோசித்தேன். கதைக்காக வந்தவர் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் ஆலையில் வெள்ளைத் தொப்பி இரண்டு பேருக்குத்தான். ஒருவர் மேலாளர். அவர் பட்டறைக்குள் வருவதே இல்லை.

இன்னொருவன் நான்.

விபத்துக்குப் பதினோரு நாள் முன்னால், வாடிக்கையாளர் ஒருவரின் ஆட்கள் ஆலையைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களை அழைத்துவர ஃபைலோடு வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். ஏழாம் எண்ணுக்கு முன்னால் ஒரு நொடி நின்றேன். கம்பி தெரிந்தது. "ஸ்பேர் சொல்லியாச்சு சாஹேப்" என்றார் சூப்பர்வைசர். திங்கட்கிழமைக்குள் என்றேன். இயந்திரத்தை நிறுத்தித் தொங்கவிடும் சிவப்பு அட்டை என் பாக்கெட்டிலேயே இருந்தது. மாட்டியிருந்தால் அன்றைய லோடு நின்றிருக்கும், விருந்தாளிகள் முன்னால் ரகளை ஆகியிருக்கும். மாட்டவில்லை. திங்கட்கிழமை வந்தது, நான் போய்ப் பார்க்கவும் இல்லை.

இதை அதுவரை மறந்திருந்தேன் என்றால் நம்புவீர்களா தெரியவில்லை. மருத்துவமனையில் செல்வத்திடம் கேள்வி கேட்டபோது நான் நடிக்கவில்லை. அறிக்கை எழுதியபோதும் நடிக்கவில்லை. நாட்குறிப்பாக எழுதியிருந்தால், நான் என்று ஆரம்பித்திருப்பேன், அந்த 'நான்' எனக்குச் சாதகமாகவே பேசியிருக்கும். இயந்திரத்துக்கு என்னைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

தளேகாவ் வந்ததும் போனதும் தெரியவில்லை. அடுத்த ஸ்டேஷன் வட்காவில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் என்னைத் தவிர ஒரு பால்காரர்தான். நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தண்டவாளத்தில் போட்டால் போதும். ஆலையில் அதைப் படித்துப் பொருள் சொல்ல ஒருவரும் இல்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால், கேட்க யாரும் இல்லை. மனைவி அந்நேரம் வகுப்பில் இருப்பாள். அரை மணி நேரம் நின்றேன். அந்த அரை மணியில் பெரிய நியாயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. செல்வம் சுவர்ப் பக்கம் திரும்பியது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

எதிர்த்திசை ரயில் வந்தது. ஏறி, தளேகாவில் இறங்காமல் தேஹு ரோட்டில் இறங்கினேன். முந்தின நாள்தான் செல்வம் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

"ஒரு விஷயம் எழுதினேன் செல்வம். படிச்சுக் காட்டலாமா?"

"ரிப்போர்ட்டா சாஹேப்?"

"இல்ல. கதை மாதிரி."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சரி என்றார். படித்தேன். வெள்ளைத் தொப்பி வந்த இடத்தில் அவர் தலையை நிமிர்த்தினார். நான் நிறுத்தவில்லை. கடைசிப் பத்தியில், கையை உள்ளே விட்ட நொடியில் செல்வம் தம் மகளை நினைத்துக்கொண்டிருந்ததாக இயந்திரம் சொல்கிறது. அதையும் படித்தேன்.

அவர் சிரித்துவிட்டார். வலியில் முகம் சுளித்து மறுபடியும் சிரித்தார்.

"பொண்ணப் பத்தில்லாம் நெனக்கல சாஹேப். கேன்டீன்ல இன்னிக்கு சப்பாத்திக்கு என்ன பாஜின்னு நெனச்சிட்டிருந்தேன். மெஷினுக்கு என் மனசு எப்டித் தெரியும்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. என் குற்றத்தை அழகாக்குவதற்கு அவருடைய மகளை இழுத்து வந்திருக்கிறேன். எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் தலைக்குள் நீங்கள் வைக்கும் உயர்ந்த எண்ணம் பெரும்பாலும் உங்களுக்காகத்தான்.

"மத்தது?" என்று கேட்டேன்.

"மத்தது சஹி. நீங்க வந்தீங்கல்ல அன்னிக்கு. நான் பக்கத்துலதான் நின்னேன்." கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். "அதுக்கு முன்ன எனக்கு அந்தக் கம்பியப் பாத்தா டர், பயம் சாஹேப். நீங்க பாத்துட்டுப் போனீங்களா, சேஃப்டி சாஹேப்பே பாத்துட்டார், அப்ப டர் இல்லன்னு விட்டுட்டேன்."

மழை தகரக் கூரைமேல் விழுந்துகொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரியில ஏன் சொல்லல செல்வம்?"

"யாருகிட்ட சொல்றது? கேக்க வந்தவரே நீங்கதான?"

என் பணிக்காலத்தில் எத்தனையோ வல்லுநர்கள் வந்து வகுப்பெடுத்தார்கள். இந்த ஒரு வாக்கியம் அளவுக்கு யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மதியம் ஆலைக்குப் போய் மேலாளர் அறைக் கதவைத் தட்டினேன். முழுவதும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உங்க பேரை யாரும் சொல்லலியே. நீங்களா எதுக்கு எழுதணும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ரயில்ல ஞாபகம் வந்துச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?"

"செல்வம் பாத்திருக்கார் சார். சூப்பர்வைசரும் அங்கதான் இருந்தார். கூப்பிட்டுக் கேளுங்க."

சூப்பர்வைசர் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். நிலைமையைப் புரிந்துகொண்டார். தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம், சாஹேப்தான் திங்கட்கிழமை வரைக்கும் ஓட்டலாம் என்று அனுமதி கொடுத்தார்" என்று மராத்தியில் சொன்னார்.

ஓட்டலாம் என்று நான் சொல்லவில்லை. சரி பண்ணுங்கள் என்றுதான் சொன்னேன். ஆனால் சிவப்பு அட்டையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு நான் நடந்துபோனதற்கு வேறு என்ன அர்த்தம்? வாதாட வாய் எடுத்தேன், மூடிக்கொண்டேன். அந்த அறையில் இருந்த நேரத்தில் அதுதான் கஷ்டமான நொடி.

அறிக்கையைத் திருப்பி எழுதினேன். 'நான் பார்த்தேன். நான் நிறுத்தவில்லை' என்ற இரண்டு வாக்கியங்களை அதில் சேர்த்தேன். கம்பி கட்டியது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதினேன். செல்வத்தின் மேல் இருந்த நடவடிக்கை கைவிடப்பட்டது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பாதுகாப்புப் பிரிவிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டார்கள். அங்கே மூன்று வருடம் இருந்தேன். முன்பாவது நான் வரும்போது பேச்சு நிற்கும். இப்போது நிற்கவில்லை. நான் வந்தது யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஞாயிறு மனைவியிடம் நெடுநேரம் பேசினேன். பூத்துக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள்.

"அவருக்கு எந்தக் கைங்க?" என்று கேட்டாள்.

"வலது."

பிறகு, "குடை தன் வரலாறுன்னு நான் விளையாட்டாத்தான் சொன்னேன்" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவளைத் தேற்றினேன். அறைக்குத் திரும்பிப் போய் அன்றைய பக்கத்தை எழுதினேன். நன்றாக இல்லை என்று எழுதினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆலை பெரிதானது. மேலாளர் மாறினார். என்னைத் திரும்பப் பாதுகாப்புப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். செல்வம் அதற்குள் பயிற்சிக் கூடத்துக்கு மாறியிருந்தார். புதிதாகச் சேரும் ஆபரேட்டர்களுக்கு இந்தியில் வகுப்பெடுப்பார். கையைத் தூக்கிக் காட்டி நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்வார். நான் திரும்பிய பிறகு நடந்த முதல் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "அப்போது ஒரு சாஹேப் வந்தார், கம்பியைப் பார்த்தார், போய்விட்டார்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். மூன்று விரல் போன கையை நீட்டி, "அந்த சாஹேப் அங்கே உட்கார்ந்திருக்கிறார்" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் எழுந்து நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். "கோச்சுக்கிட்டீங்களா சாஹேப்? என் கையப் பாத்தா பாவம்னு நெனக்கறாங்க, அவ்ளோதான். உங்களப் பாத்தாதான் பயப்படறாங்க. பாத்துட்டுப் போற ஆள் நாமளும் ஆயிடுவோமோன்னு."

அதன்பிறகு எட்டு வருடம், ஒவ்வொரு வகுப்பிலும் அந்த இடம் வரும்போது எழுந்து நின்றேன். பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அன்றைய பக்கத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத ஏதாவது இருந்தது. யார் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார், யார் சிரித்தார், யார் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றார் என்று எழுதினேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் கடைசி வகுப்பு. நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் மீசை முளைக்காதவர்கள். செல்வம் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டு வந்தார். "ஒரு சாஹேப் வந்தார், பார்த்தார், போனார்" என்றார். என் பக்கம் பார்த்தார். கையை நீட்டவில்லை. அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார்.

போகிற நேரத்தில் எனக்கு அவர் கொடுத்த மரியாதை அது என்று புரிந்தது. உட்கார்ந்தே இருந்திருக்கலாம். அந்த நாற்பது பேருக்கும் நான் யார் என்றே தெரியாது.

எழுந்து நின்றேன். நாற்காலி சத்தம் கேட்டுச் செல்வம் பேச்சை நிறுத்தினார்.

"அந்த சாஹேப் நான்தான்" என்று இந்தியில் சொன்னேன்.

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்வம் விட்ட இடத்திலிருந்து வகுப்பைத் தொடர்ந்தார்.